திறந்த கோப்புக்குள் இடம் மாறுதல்

பழைய மெமரி கார்டில் கிடக்கும் எம்பி3 பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழெட்டு மெகாபைட் இருக்கும். பாட்டின் பெயர் வர வேண்டிய இடத்தில், அதை இணையத்தில் ஏற்றிவிட்ட யாரோ ஒருவருடைய தளத்தின் பெயர் ஓடும். அதைப் படித்துப் பார்த்துத் திருத்த ஒரு சின்ன நிரல் எழுதப்போகிறோம்.

அந்தப் பெயர் கோப்பின் கடைசி 128 பைட்டுகளுக்குள் இருக்கிறது. முதல் பைட்டிலிருந்து படித்துக்கொண்டே போனாலும் அங்கே போய்ச் சேரலாம். ஒரு பாட்டுக்கு அது பெரிய விஷயமில்லை. ஆயிரம் பாட்டு உள்ள ஃபோல்டர் என்றால், ஏழெட்டு கிகாபைட்டைப் படித்துவிட்டு அதில் ஒன்றேகால் லட்சம் பைட்டை மட்டும் பயன்படுத்தியிருப்போம். மீதி எல்லாம் வெட்டி வேலை. நேராகக் கடைசிக்குப் போய், 128 பைட் பின்வாங்கி, அங்கிருந்து படிக்க வேண்டும். இந்த அத்தியாயம் அந்தத் தாவலைப் பற்றியது.

சுட்டி என்பது வெறும் எண்

ஒரு கோப்பைத் திறந்தவுடன் இயங்குதளம் அதற்கென ஓர் எண்ணை வைத்துக்கொள்கிறது. அடுத்து படிப்பதோ எழுதுவதோ எந்த பைட்டில் தொடங்கும் என்பதைச் சொல்லும் எண் அது. இதைக் கோப்புச் சுட்டி என்போம். திறந்ததும் 0. பத்து பைட் படித்தால் 10. இன்னும் ஐந்து எழுதினால் 15. நீங்கள் எதுவும் சொல்லாமலே அது நகர்ந்துகொண்டிருப்பதால்தான், வரி வரியாகப் படிக்கும்போது அதைப் பற்றி நாம் யோசிப்பதே இல்லை.

அந்த எண்ணை நாமே மாற்றும் கட்டளை சீக். இப்போது எவ்வளவு என்று கேட்கும் கட்டளை டெல். பைத்தானில் இந்தப் பெயர்களேதான். சி மொழியில் எஃப்சீக், எஃப்டெல். லினக்ஸின் அடிமட்ட அழைப்பு எல்சீக். சீக் கட்டளைக்கு இரண்டு தகவல் வேண்டும்: எத்தனை பைட், எங்கிருந்து. இரண்டாவதற்கு மூன்று மதிப்புகள் உண்டு. 0 என்றால் கோப்பின் தொடக்கத்திலிருந்து, 1 என்றால் இப்போது நிற்கும் இடத்திலிருந்து, 2 என்றால் கோப்பின் முடிவிலிருந்து. இவற்றுக்கு சீக்_செட், சீக்_கர், சீக்_எண்ட் என்று பெயர்களும் இருக்கின்றன. நிரலில் பெயரையே எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து வெறும் 2-ஐப் பார்த்தால் அது என்னவென்று உங்களுக்கே நினைவிருக்காது. ஜாவாவின் ரேண்டம் ஆக்சஸ் ஃபைல் வகுப்பில் இந்த வசதி இல்லை. அங்கே எப்போதும் தொடக்கத்திலிருந்துதான் எண்ண வேண்டும். கடைசியிலிருந்து வேண்டுமென்றால் கோப்பின் நீளத்தைக் கேட்டு நாமே கழித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பைத்தானின் சீக்கும் எல்சீக்கும் புதிய இடத்தைத் திருப்பித் தரும். எஃப்சீக் அப்படியில்லை. வேலை முடிந்தால் 0, முடியாவிட்டால் வேறு ஏதாவது. "எஃப்சீக் எப்போதும் 0 தருகிறது, சுட்டி நகரவே இல்லை" என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் சிக்கியிருப்பார்கள்.

சீக் செய்வது அந்த எண்ணை மாற்றுவது மட்டுமே. எல்சீக் அழைத்த நொடியில் வட்டு எதுவும் அசைவதில்லை. படிக்கவோ எழுதவோ போகும்போதுதான் உண்மையான வேலை. அதனால் கோப்பின் முடிவைத் தாண்டிப் போகச் சொன்னாலும் சீக் மறுக்காது. நூறு பைட் கோப்பில் 5000-க்குப் போ என்றால் போய்விடும். அங்கே படித்தால் ஒன்றும் கிடைக்காது. எழுதினாலோ கோப்பு அதுவரை நீண்டு, இடைப்பட்ட பகுதி படிக்கும்போது பூஜ்ஜிய பைட்டுகளாகத் தெரியும். தொடக்கத்துக்கு முன்னால் போகச் சொன்னால் மட்டும் பிழை வரும்.

கடைசி 128 பைட்

இனி பாட்டுக்கு வருவோம். பாட்டின் பெயர் போன்ற விவரங்களை எம்பி3 கோப்புக்குள் வைக்கும் முறைக்கு ஐடி3 என்று பெயர். அதன் முதல் பதிப்பு எளிமையானது. கோப்பின் கடைசி 128 பைட்டில் முதல் மூன்றும் டி, ஏ, ஜி என்ற ஆங்கில எழுத்துகள். எண்ணாகச் சொன்னால் 84, 65, 71. அடுத்த 30 பைட் பாட்டின் பெயர், அடுத்த 30 கலைஞர், அடுத்த 30 ஆல்பம், 4 பைட் ஆண்டு, 30 பைட் குறிப்பு, கடைசி ஒரு பைட் இசை வகை. கூட்டிப் பாருங்கள், 128 வரும்.

கோப்பைப் படிக்கவும் எழுதவும் திறக்க வேண்டும், பைனரியாக. பைத்தானில் அதற்கான மோடு 'ஆர் பிளஸ் பி'. மோடு விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். 'டபிள்யூ' என்று திறந்தால் திறந்த கணமே கோப்பு காலி, பாட்டு போச்சு. 'ஏ', அதாவது கடைசியில் சேர்க்கும் மோடு, வேறு விதமான தொல்லை. அதில் சீக் வேலை செய்வதுபோலவே தெரியும், டெல் கூட நீங்கள் சொன்ன எண்ணைக் காட்டும். ஆனால் எழுதும்போது இயங்குதளம் அதையெல்லாம் ஒதுக்கிவிட்டுக் கடைசியில்தான் கொண்டுபோய் எழுதும். பதிவேடுகளுக்காக வைத்த பாதுகாப்பு அது. பல நிரல்கள் ஒரே லாக் கோப்பில் எழுதும்போது ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் இருப்பதற்காக.

திறந்தாயிற்று. சீக், -128, முடிவிலிருந்து. 128 பைட் படியுங்கள். முதல் மூன்று 84, 65, 71 தானா என்று பாருங்கள். இல்லையென்றால் இந்தப் பாட்டில் அந்தக் குறிப்பே இல்லை. கோப்பை மூடிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கோப்பே 128 பைட்டைவிடச் சிறியதாக இருந்தால் சீக் கட்டளையே பிழை எறியும், அதையும் பிடித்துக்கொள்ளுங்கள். பாதியில் நின்ற டவுன்லோடுகள் எல்லா ஃபோல்டரிலும் ஒன்றிரண்டு இருக்கும்.

பெயரைத் திருத்த வேண்டும். இங்கேதான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். 128 பைட்டையும் படித்து முடித்ததால் சுட்டி இப்போது கோப்பின் முடிவில் நிற்கிறது. அப்படியே எழுதினால் புதிய பெயர் கோப்பின் வாலில் ஒட்டிக்கொள்ளும். பழைய பெயர் அப்படியே இருக்கும், கோப்பு 30 பைட் நீளும், கடைசி 128 பைட்டின் தொடக்கத்தில் அந்த மூன்றெழுத்து இல்லாமல் போவதால் அடுத்த முறை எந்த பிளேயருக்கும் எந்தப் பெயரும் தெரியாது. படித்த பிறகு எழுதப்போகிறீர்கள் என்றால், மறுபடி சீக். பெயர் மூன்று பைட் தள்ளித் தொடங்குவதால் இம்முறை -125. ஆண்டைத் திருத்த -35.

எழுதுவது சரியாக 30 பைட் இருக்க வேண்டும். குறைந்தால் பூஜ்ஜிய பைட்டுகளால் நிரப்புங்கள். இல்லையென்றால் பழைய பெயரின் மிச்சம் பின்னால் தொங்கும். கூடினால் கலைஞர் பெயரின் தலையைத் தின்றுவிடும்.

தமிழில் பெயர் வைக்க ஆசை இருந்தால் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். உயிர்மெய்யில் மெய்க்கு மூன்று, அதன்மேல் ஏறும் கொம்புக்கோ சுழிக்கோ தனியாக மூன்று. புள்ளிக்கும் மூன்று. 'சிந்து பைரவி' என்பதில் 11 குறிகள், ஒரு இடைவெளி. ஆக 34 பைட். முப்பதில் வெட்டினால் 'சிந்து பைர' வரை 28 பைட் சரியாக வந்து, 'வ'-வின் மூன்று பைட்டில் இரண்டு மட்டும் அறுந்து கிடக்கும். திரையில் அந்த இடத்தில் கேள்விக்குறி போட்ட கறுப்பு வைரம் தெரியும். நிஜத்தில் இந்த முதல் பதிப்பு ஆங்கில எழுத்துகளை மனதில் வைத்துச் செய்தது. தமிழ்ப் பெயர்களுக்கு யூனிகோடு ஏற்கும் இரண்டாம் பதிப்புதான் சரி, அது வழக்கமாகக் கோப்பின் முன்பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

நடுவில் நுழைக்க முடியாது

இரண்டாம் பதிப்பு முன்பக்கத்தில் இருப்பதால் வேறு ஒரு சிக்கல். அங்கே பத்து பைட் கூடுதலாகத் தேவைப்பட்டால் என்ன செய்வது? சீக் செய்து எழுதினால் அடுத்திருப்பதன் மேல் ஏறும், அதைத் தள்ளிவிடாது. ரிசர்வேஷன் பெட்டியில் 20-க்கும் 21-க்கும் நடுவே புதிதாக ஒரு பெர்த் போட முடியாதது போலத்தான் இதுவும். கோப்பில் பைட்டுகளுக்கு எண் ஒட்டியாகிவிட்டது. நடுவில் நுழைக்க வேண்டுமென்றால், நுழைக்கும் இடத்துக்குப் பின்னால் உள்ள அத்தனையையும் மறுபடி எழுதியே ஆக வேண்டும். அதைப் பாதுகாப்பாகச் செய்யும் வழி, தற்காலிகக் கோப்பு ஒன்றில் புதிதாக முழுவதையும் எழுதிவிட்டுப் பெயரை மாற்றிக்கொள்வது. இடையில் மின்சாரம் போனாலும் பழைய கோப்பு பத்திரமாக இருக்கும்.

இந்தத் தொல்லை தெரிந்துதான் ஐடி3-இன் இரண்டாம் பதிப்பை வகுத்தவர்கள் குறிப்புகளுக்குப் பின்னால் கொஞ்சம் வெற்று பைட்டுகளை விட்டுவைக்க இடம் கொடுத்தார்கள். பெயர் சற்று நீண்டாலும் அந்தக் காலியிடம் தாங்கிக்கொள்ளும், பாட்டு முழுவதையும் நகர்த்த வேண்டியதில்லை. உங்கள் சொந்தக் கோப்பு வடிவத்தை வகுக்கும்போது இதைத் தயங்காமல் காப்பியடியுங்கள்.

இன்னொரு உத்தி, முதலில் இடம் பிடித்துவைத்துப் பிறகு நிரப்புவது. ஒலிப்பதிவு செய்யும் நிரலுக்குப் பதிவு எவ்வளவு நேரம் ஓடும் என்று தொடக்கத்தில் தெரியாது. ஆனால் வேவ் கோப்பின் தலைப்பகுதியிலேயே நீளத்தைச் சொல்லியாக வேண்டும். அதனால் சாதாரண 44 பைட் தலைப்பகுதியை நீளத்துக்குரிய இடங்களில் பூஜ்ஜியம் போட்டு எழுதிவிடுவார்கள். பிறகு ஒலி. பதிவு நின்றதும் 4-ஆம் இடத்துக்கு சீக் செய்து கோப்பின் அளவில் எட்டைக் கழித்து எழுதுவார்கள். 40-ஆம் இடத்துக்குப் போய் அளவில் 44-ஐக் கழித்து எழுதுவார்கள். பதிவின் நடுவே கணினி அணைந்துபோனால் ஒலி முழுவதும் வட்டில் இருந்தும் பிளேயர் பூஜ்ஜிய நொடி என்று காட்டுவது இதனால்தான். அந்த இரண்டு எண்களையும் நீங்களே எழுதிக் கொடுத்தால் பதிவு பிழைத்துக்கொள்ளும்.

எழுதியது பழையதைவிடச் சின்னதாகிவிட்டால்? 120 பைட் அமைப்புக் கோப்பை 0-வுக்கு சீக் செய்து 100 பைட்டால் மேலெழுதினால், கடைசி 20 பைட் பழைய வால் அப்படியே நிற்கும். எழுதி முடித்ததும் ட்ரங்கேட் கட்டளை கொடுங்கள். பைத்தானில் அடைப்புக்குறிக்குள் எதுவும் தராவிட்டால், சுட்டி நிற்கும் இடத்தோடு கோப்பை வெட்டிவிடும்.

முகவரி எங்கிருந்து வருகிறது

சீக் செய்வது சுலபம். எந்த எண்ணுக்கு என்பதுதான் கேள்வி. கோப்புக்கு வரி தெரியாது, பத்தி தெரியாது, எழுத்து தெரியாது. அதற்குத் தெரிந்தது பைட் மட்டும். ஆகவே உங்களிடம் இருக்கும் எண், கணக்குப் போட்டு வந்ததாகவோ, கோப்பே எங்காவது எழுதிவைத்ததாகவோ, நீங்கள் முன்பு டெல் கேட்டுக் குறித்துக்கொண்டதாகவோ இருக்க வேண்டும். நாலாவதாக ஒன்று உண்டு, குத்துமதிப்பு. அது வேலை செய்யும் இடங்களும் இருக்கின்றன, பின்னால் பார்ப்போம்.

கணக்குக்கு நல்ல உதாரணம் டிபிஎஃப் கோப்பு. தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் சென்டரில் ஃபாக்ஸ்ப்ரோ படித்தவர்களுக்கு இது பழைய சிநேகிதம். பழைய சம்பளப் பட்டியலோ உறுப்பினர் பட்டியலோ இந்த வடிவத்தில் இன்னும் எங்காவது கிடைத்தால், ஃபாக்ஸ்ப்ரோ இல்லாமலே நீங்கள் அதைப் படிக்கலாம். கோப்பின் 4-ஆம் இடத்திலிருந்து நாலு பைட், மொத்தப் பதிவுகளின் எண்ணிக்கை. 8-ஆம் இடத்தில் இரண்டு பைட், தலைப்பகுதியின் நீளம். 10-ஆம் இடத்தில் இரண்டு பைட், ஒரு பதிவின் நீளம். மூன்றிலும் சிறிய பைட் முன்னால் வரும்.

தலைப்பகுதி 193 பைட், ஒரு பதிவு 64 பைட் என்று வைத்துக்கொள்வோம். 50,000-ஆவது பதிவு வேண்டும். அதற்கு முன்னால் 49,999 பதிவுகள். 49,999 பெருக்கல் 64, ஆக 31,99,936. அதோடு 193 கூட்டினால் 32,00,129. அங்கே சீக் செய்து 64 பைட் படித்தால் அந்த ஆளின் பதிவு கையில். ஐம்பதாயிரம் பேரையும் கடந்து வர வேண்டியதில்லை. 50,000-ஆல் பெருக்கியிருந்தால் அடுத்த ஆளுக்குப் போயிருப்பீர்கள். பதிவை ஒன்றிலிருந்து எண்ணுகிறோம், பைட்டைப் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுகிறோம். இந்த ஒன்றுக்கும் பூஜ்ஜியத்துக்கும் உள்ள சண்டை இந்த வேலையில் ஓயவே ஓயாது. 193 என்ற எண்ணை நிரலில் நேரடியாக எழுதிவிடாதீர்கள். ஒவ்வொரு கோப்பிலும் 8-ஆம் இடத்தில் படித்துக்கொள்ளுங்கள். புலம் ஒன்று கூடினால் தலைப்பகுதி 32 பைட் நீளும்.

ஃபாக்ஸ்ப்ரோவில் ஒரு பதிவை டெலிட் செய்துவிட்டு ரீகால் என்று கட்டளையிட்டால் அது திரும்பி வருமே, அது எப்படி என்பதும் இங்கே புரிந்துவிடும். ஒவ்வொரு பதிவின் முதல் பைட்டும் அதற்கான அடையாளம். அங்கே இடைவெளி, அதாவது 32 இருந்தால் பதிவு உயிரோடு இருக்கிறது. நட்சத்திரக் குறி, அதாவது 42 இருந்தால் நீக்கப்பட்டது. டெலிட் என்பது பதிவின் தொடக்கத்துக்கு சீக் செய்து ஒரே ஒரு பைட்டை எழுதுவது. பேக் கட்டளை கொடுக்கும்போதுதான் கோப்பு நிஜமாகவே திரும்ப எழுதப்படும். அதனால்தான் அது அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது.

கோப்பே முகவரி சொல்வதற்கு ஜிப் நல்ல உதாரணம். வேர்டு, எக்செல் கோப்புகளும் இன்று உள்ளுக்குள் ஜிப்தான். அதன் உள்ளடக்கப் பட்டியல் கடைசியில் இருக்கிறது. பட்டியல் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் 22 பைட் குறிப்பு அதற்கும் கடைசியில். அதன் அடையாளம் 80, 75, 5, 6. பின்னால் ஒரு கருத்துரை இருக்கலாம், அதிகபட்சம் 65,535 பைட். ஆகவே படிக்கும் நிரல் கடைசி 65,557 பைட்டுக்குள் அந்த நாலு எண்ணைப் பின்னிருந்து தேடுகிறது, கிடைத்த இடத்திலிருந்து 16 பைட் தள்ளி நாலு பைட்டைப் படிக்கிறது, அந்த எண்ணுக்கு சீக் செய்கிறது. 99 சதவீதம் இறங்கி நின்றுபோன ஜிப் கோப்பைத் திறக்கவே முடியாமல் போவது இதனால்தான். சரக்கு முழுவதும் உள்ளே இருக்கும், பட்டியல் மட்டும் வந்து சேர்ந்திருக்காது.

குறித்துவைப்பது மூன்றாவது வழி. வரிகள் சமமான நீளத்தில் இல்லாத உரைக் கோப்பில் 7,00,000-ஆவது வரிக்குக் கணக்குப் போட்டுப் போக முடியாது. ஒரு முறை முழுவதும் படித்து, ஒவ்வொரு வரியும் தொடங்கும் இடத்தை ஒரு பட்டியலில் குறித்துக்கொள்ள வேண்டும். பத்து லட்சம் வரிக்கு எட்டு பைட் வீதம் 80 லட்சம் பைட், எட்டு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். அதன்பின் எந்த வரிக்கும் ஒரே தாவல். பைத்தானில் ஃபார் சுற்றுக்குள் வரிகளைப் படித்துக்கொண்டே டெல் கேட்டால், உரை மோடில் அது மறுத்துப் பிழை காட்டும். சுற்று முன்கூட்டியே பெரிய துண்டாகப் படித்து வைத்திருப்பதால் சரியான இடத்தைச் சொல்ல அதனால் முடியாது. ரீட்லைன் பயன்படுத்துங்கள். அல்லது பைனரியாகத் திறந்து ஒவ்வொரு வரியின் நீளத்தையும் நீங்களே கூட்டிக்கொண்டு வாருங்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது. வேகம், குழப்பமும் இல்லை. கோப்பை யாராவது திருத்திவிட்டால் குறித்துவைத்த பட்டியல் செல்லாது. கோப்பின் அளவையும் கடைசியாக மாறிய நேரத்தையும் பட்டியலோடு சேர்த்து வைத்து, பயன்படுத்தும் முன் ஒப்பிடுங்கள்.

உரை மோடும் தமிழும்

ஆங்கில உரையை வைத்து சீக் கற்றவர்கள் தமிழ்க் கோப்பைத் திறந்ததும் திகைப்பார்கள். ஆங்கிலத்தில் எழுத்தும் பைட்டும் ஒன்றாகவே நடந்துபோகும், வித்தியாசம் கண்ணில் படாது. 'தமிழ்' என்ற ஒரே சொல்லைக் கோப்பில் எழுதிப் பாருங்கள். கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடுக்கு ஐந்து குறி: த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி. வட்டில் 15 பைட். த 0 முதல் 2 வரை, ம 3 முதல் 5, கொம்பு 6 முதல் 8, ழ 9 முதல் 11, புள்ளி 12 முதல் 14.

உரை மோடில் திறந்து 7-க்கு சீக் செய்யுங்கள். பைத்தான் ஒன்றும் சொல்லாது. படிக்கும்போது, 174 என்ற பைட்டில் எந்த எழுத்தும் தொடங்க முடியாது என்று பிழை எறியும். கொம்பின் நடுவே கால் வைத்துவிட்டீர்கள். 6-க்குப் போனால் பிழையே வராது, அதுதான் இன்னும் மோசம். மகரம் இல்லாமல் கொம்பு மட்டும் தனியாக வந்து, புள்ளிவட்டத்தின் மேல் ஏறி நிற்கும்.

எனவே உரை மோடில் டெல் தந்த எண்ணுக்கும் 0-வுக்கும் தவிர வேறெங்கும் சீக் செய்யாதீர்கள். முடிவுக்குப் போவது மட்டும் விதிவிலக்கு. இப்போது நிற்கும் இடத்திலிருந்து பத்து முன்னே என்று கேட்டால் பைத்தானே மறுத்துவிடும். டெல் தரும் எண்ணைக் கூட்டவோ கழிக்கவோ செய்யாமல், அப்படியே வாங்கி அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும். சி மொழியின் தரமும் உரை மோடுக்கு இதையேதான் சொல்கிறது. விண்டோஸில் வரி முடிவுக்கு வட்டில் இரண்டு பைட் இருக்க, நிரலுக்கு ஒன்றாகத் தெரிவதும் அதற்கு ஒரு காரணம்.

பைனரியில் குத்துமதிப்பாக எங்காவது இறங்கிவிட்டால் சரிசெய்யும் வழி உண்டு. யூடிஎஃப்-8-இல் ஓர் எழுத்தின் இடைப்பட்ட பைட்டுகள் எல்லாம் 128 முதல் 191-க்குள்தான் இருக்கும். அப்படி ஒரு பைட்டில் நின்றால், அந்த எல்லைக்கு வெளியே ஒன்று கிடைக்கும்வரை பின்னே போங்கள். மூன்று அடிக்கு மேல் போக வேண்டிவராது. தமிழ்க் குறி எல்லாமே 224-இல் தொடங்கும். அங்கே நின்றபின், அது கொம்போ காலோ புள்ளியோ என்றால் இன்னும் மூன்று பைட் பின்னே போனால் அதன் மெய் கிடைக்கும்.

கடைசி பத்து வரி

குத்துமதிப்புத் தாவல் நியாயமான வேலை செய்யும் இடம் இது. இரண்டு கிகாபைட் லாக் கோப்பின் கடைசி பத்து வரி மட்டும் வேண்டும். லினக்ஸின் டெயில் கட்டளை செய்வது இதைத்தான். முடிவுக்கு சீக் செய்து, டெல் கேட்டு அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கிருந்து 8192 பைட் பின்வாங்கி அந்தத் துண்டைப் படியுங்கள். அதற்குள் வரி முடிவு, அதாவது 10 என்ற பைட், எத்தனை இருக்கிறது என்று பின்னிருந்து எண்ணுங்கள். கோப்பின் கடைசி பைட்டே 10 என்றால் அதை எண்ணக் கூடாது. அது கடைசி வரியின் முடிவு, அதற்குப் பின்னால் இன்னொரு வரி இல்லை. இப்படி எண்ணிப் பத்தாவது கிடைத்ததும் அதற்கு அடுத்த பைட்டில்தான் நமக்கு வேண்டிய பத்து வரியும் தொடங்குகின்றன. கிடைக்கவில்லையா, இன்னொரு 8192 பின்னே. தொடக்கத்தைத் தொட்டுவிட்டால் கோப்பு முழுவதையும் காட்ட வேண்டியதுதான்.

துண்டின் விளிம்பு ஒரு தமிழ் எழுத்தை இரண்டாக வெட்டுமே என்று கவலைப்பட வேண்டாம். யூடிஎஃப்-8-இல் பல பைட் கொண்ட எழுத்தின் எந்தப் பகுதியும் 10 ஆக இருக்காது. பைட்டாகவே தேடி, வரியின் தொடக்கம் கிடைத்தபின் எழுத்தாக மாற்றுங்கள்.

சீக் எடுபடாத இடங்கள்

பைப் வழியாக வரும் தரவு, விசைப்பலகையில் தட்டுவது, நெட்வொர்க் இணைப்பு இவற்றில் பின்னால் போக முடியாது. போனது போனதுதான். லினக்ஸ் இதற்கென்றே 29-ஆம் எண் பிழையை வைத்திருக்கிறது. உங்கள் நிரலைக் கோப்புப் பெயர் கொடுத்து ஓட்டும்போது சரியாக ஓடி, பைப்பில் கோத்ததும் சாய்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். பைத்தானில் சீக்கபிள் என்ற கேள்வியை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.

ஜிசிப் சுருக்கிய கோப்பில் சீக் வேலை செய்வதாகவே தோன்றும். ஆனால் பின்னால் போகச் சொன்னால் பைத்தான் தொடக்கத்துக்குப் போய் மறுபடி விரித்துக்கொண்டே வரும். அங்கே அடிக்கடி தாவும் நிரல் நத்தையாகிவிடும். சாதாரணக் கோப்பிலும், சுழலும் வட்டு என்றால் தாவலுக்கு விலை உண்டு. நிமிடத்துக்கு 7200 சுற்று ஓடும் வட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி எடுக்கும். வேண்டிய இடம் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், கை நகரும் நேரம் தனி. ஆயிரம் பதிவு படிக்க வேண்டுமென்றால் இடங்களை ஏறுவரிசையில் அடுக்கிவிட்டுப் படியுங்கள். எஸ்எஸ்டி வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

சி மொழியில் ஒரே கோப்பில் படிப்பதும் எழுதுவதும் மாறி மாறி நடந்தால், படித்து முடித்து எழுதும் முன் ஒரு எஃப்சீக் போட்டே ஆக வேண்டும், இடம் மாறாவிட்டாலும் கூட. எழுதிவிட்டுப் படிக்கும் முன் எஃப்சீக் அல்லது எஃப்ஃப்ளஷ். பஃபரில் இருப்பதும் வட்டில் இருப்பதும் ஒத்துப்போக அதுதான் வழி. பைத்தான் இதைத் தானே பார்த்துக்கொள்ளும். இரண்டு த்ரெட்கள் ஒரே திறந்த கோப்பைப் பகிர்ந்துகொண்டால் சுட்டியும் ஒன்றே. ஒன்று சீக் செய்துவிட்டுப் படிக்கப் போவதற்குள் இன்னொன்று அதை நகர்த்திவிடும். பூட்டுப் போட்டுத் திண்டாடுவதைவிட, லினக்ஸில் ப்ரீட், ப்ரைட் அழைப்புகளைப் பயன்படுத்துங்கள். இடத்தையும் சேர்த்தே வாங்கிக்கொண்டு, சுட்டியைத் தொடாமல் வேலையை முடித்துவிடும்.

இரண்டு கிகாபைட் எல்லை

பிடிபி-11 கணினியில் ஓடிய ஆரம்பகால யூனிக்ஸில் முழு எண்ணுக்கு 16 பிட்தான். அந்த எண்ணை வைத்துப் பெரிய கோப்புக்குள் தூரம் தாவ முடியாமல், 512 பைட் கட்டங்களாக எண்ணிப் போகத் தனியாக 3, 4, 5 என்று மூன்று மதிப்புகளை வைத்திருந்தார்கள். 1979-இல் வந்த ஏழாம் பதிப்பில் லாங் வகை எண்ணை ஏற்கும் எல்சீக் அந்த ஏற்பாட்டை ஒழித்தது. லாங்கும் ஒரு நாள் போதாமல் போயிற்று. எஃப்சீக், எஃப்டெல் இரண்டும் லாங்கைத்தான் பயன்படுத்துகின்றன, விண்டோஸில் அது 64 பிட் கணினியிலும் 32 பிட்தான். 214,74,83,647-ஆவது பைட்டைத் தாண்டிய இடத்தை அதில் எழுதவே முடியாது. லினக்ஸில் எஃப்சீகோவும், விண்டோஸில் 64 பிட் எண்ணை ஏற்கும் எஃப்சீக்ஐ64-உம் இதற்காகத்தான் இருக்கின்றன. பைத்தானிலும் ஜாவாவிலும் இந்தக் கவலை இல்லை.

உங்கள் நிரல் இந்த எல்லையைத் தாண்டுகிறதா என்று பார்க்க நிஜமாகவே பெரிய கோப்பைத் தேடி அலைய வேண்டாம். லினக்ஸில் புதிய கோப்பு ஒன்றைத் திறந்து, 300 கோடியாவது இடத்துக்கு சீக் செய்து, ஒரே ஒரு பைட் எழுதி மூடுங்கள். எல்எஸ் கட்டளை அதை மூன்று கிகாபைட் என்று காட்டும். டியூ கட்டளை சில கிலோபைட் என்று காட்டும், ஏனென்றால் நடுவில் உள்ள வெற்றிடத்துக்கு வட்டில் இடமே ஒதுக்கப்படவில்லை. அந்தக் கோப்பை நிரலுக்குக் கொடுத்துக் கடைசி பைட்டைப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் எழுதியதே திரும்பி வந்தால் சரி. பிழையோ, தொடக்கத்திலிருந்து எடுத்த ஏதோ ஒரு பூஜ்ஜியமோ வந்தால் எஃப்சீக் அழைக்கும் வரிகளையெல்லாம் தேடி மாற்ற வேண்டும். சோதனையைப் பென் டிரைவில் செய்யாதீர்கள். பெரும்பாலானவை ஃபேட்32, எக்ஸ்ஃபேட் போன்ற வடிவங்களில் இருக்கும். அவற்றுக்கு இப்படி வெற்றிடம் விடத் தெரியாது, மூன்று கிகாபைட்டையும் நிஜமாகவே பிடித்துக்கொள்ளும்.